லயத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

மாத்தளை மாவட்டத்து எல்கடுவைத் தேயிலைத் தோட்டங்களில் சூழல் சுற்றுலா சாத்தியமா என்று ஆராய எவரும் இனிக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வர வேண்டாம். அறிக்கையை நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். இரவுப்படி, எரிபொருள் படி, திரையில் படம் போட்டு விளக்கும் நாளில் பரிமாறும் முந்திரிப்பருப்பு, எதுவுமே வேண்டாம். சாத்தியம்தான். இதைவிடச் சாத்தியமான இடம் இந்தத் தீவில் கிடையாது. சுற்றுலாவுக்கு இடைஞ்சல் தரக்கூடிய ஒரே ஆள், தன் காணியில் தான் நின்றுகொண்டு "என் வாசலுக்குள்ள செருப்போட வராதே" என்று சொல்லக்கூடிய ஆள். அப்படியொருவன் இங்குள்ள லயங்களில், தோட்டத் தொழிலாளரின் இந்த வரிசை வீடுகளில், இல்லை. உருவாகிவிடாதபடி இருநூறு வருடமாக மிகக் கவனமாகப் பார்த்துவந்திருக்கிறோம்.

இருப்பிடத்தைப் பற்றி எழுதும்போது நிபுணர்கள் மயங்கி விழாமல் இருக்க முடியாது. மாத்தளையிலிருந்து உக்குவளைப் பக்கமாக ஏறினாலும் சரி, வத்தேகமப் பக்கமாக வந்தாலும் சரி, வளைவுக்கு வளைவு தேயிலை. மேலே ஹுன்னஸ்கிரிய மலை, அதிலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, அதன் அருகிலேயே வெளிநாட்டார் வந்து தங்கும் ஹோட்டல். பின்னணிக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர். 2000-இல் அது பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. காலையில் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். படம் எடுப்பவருக்கு ஒரு திறமையும் வேண்டியதில்லை, கைத்தொலைபேசியில் மின்னேற்றம் இருந்தால் போதும்.

இந்த இயற்கைக்கு வயது என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உறுதி காட்ட முடியாத காடு, சேனை, தரிசு எல்லாம் இங்கிலாந்து முடிக்குச் சொந்தம் என்றது அது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு மலைகள் விற்கப்பட்ட காலம். ஆளுநர் முதல் நீதிபதி வரை காணி வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை நம்பி வாழ்ந்த சிங்களக் குடியானவன் ஒரு நாள் விடிந்தபோது தன் காட்டுக்குள்ளேயே அத்துமீறியவன் ஆனான். வரிமேல் வரி விழுந்தபோது 1848-இல் மாத்தளை எழுந்தது. கிளர்ச்சித் தலைவன் புரான் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். காடு எரிந்தது, கோப்பி வந்தது. 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது. பிறகு தேயிலை. அந்தக் காட்டை வெட்டியதும், கோப்பியை நட்டதும், செத்த கோப்பியைப் பிடுங்கிய குழியில் தேயிலையை வைத்ததும் ஒரே கைதான். தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடத்திக் கொண்டுவரப்பட்ட கை. வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. ஒரு மழைக்காட்டைக் கொன்று அதன்மேல் போட்ட ஒற்றைப் பயிருக்கு இன்றைக்குச் 'சூழல்' என்று பெயர். அதைப் பார்க்கத்தான் விமானச்சீட்டு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களை அறிக்கையில் என்னவென்று குறிப்பிடுவது? இதில் ஒரு சிக்கல் உண்டு. 1948-இல் இயற்றிய 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இவர்கள் இந்த நாட்டவர் இல்லை என்றது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். நாடற்றவர் என்ற பட்டத்தை முடித்துவைக்க 2003 வரை இன்னொரு சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சுற்றுலாக் கையேட்டில் இத்தனையும் எழுத இடம் போதாது. 'வண்ணமயமான உள்ளூர்ச் சமூகம்' என்று போட்டுவிடுவோம். எல்லோருக்கும் வாக்குச்சீட்டு கொடுத்து முடிக்க ஐம்பத்தைந்து வருடம் யோசித்த நாடு, படம் எடுக்க ஒரு நிமிடம்கூட யோசிக்காது.

தங்குமிடத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில்தான் நம் அதிகாரிகளின் கண்கள் அதிகம் மின்னும். ஹட்டன் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்களை 2005-இலேயே சொகுசு விடுதிகளாக்கி உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள். ஓர் இரவுக்குச் சில நூறு டொலர். பித்தளைக் குமிழ் வைத்த கதவு, ரோஜாத் தோட்டம், மாலையில் தேநீர், வெள்ளைச் சீருடைப் பணியாள். எல்கடுவையிலும் பங்களாக்கள் உண்டு. ஆகவே சாத்தியம்.

பங்களாவைக் கட்டிய அதே காலத்தில், அதே தோட்ட முதலாளியின் பணத்தில், அதே மலையில் கட்டியவைதான் லயங்களும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, அடுப்புப் புகை போக வழியில்லாத சுவர். ஒன்று பழையதானால் மரபுரிமை, விலை கூடுகிறது. மற்றது பழையதானால் கூரைத் தகரத்தின்மேல் கல் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நிபுணர் துணிந்து லயத்தையும் சுற்றுலாவில் சேர்க்கலாம் என்று எழுதுவார், பாருங்கள். 'உண்மையான தோட்ட அனுபவம்.' வரிசைக் கக்கூசுக்குக் காலையில் காத்திருத்தல், மழை ராத்திரியில் வாளியை இடம் மாற்றி மாற்றி வைத்தல், ஒரே காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்து மூச்சு விடுதல். இதற்கு நட்சத்திரம் எத்தனை போடலாம்? கூரை ஓட்டை வழியே தெரிவதை எல்லாம் எண்ணிப் போடுங்கள்.

சரி, பரிகாசம் போதும், லயத்துக் குடும்பம் ஒன்று தானே முன்வந்து விருந்தினரை வீட்டில் தங்கவைத்துச் சம்பாதிக்கட்டுமே என்று நல்ல மனதுள்ள யாராவது கேட்கலாம். வீட்டு விடுதி என்று பதிய வேண்டுமானால் அந்த வீடு உன்னுடையதா என்று கேட்பார்கள். காணி உறுதி எங்கே? குத்தகைப் பத்திரமாவது எங்கே? பிரதேச சபையின் கடிதம் எங்கே? பிரதேச சபையா? 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபையின் காசு நுழையாதபடி பார்த்துக்கொண்டது. அதைத் திருத்த 2018 ஆயிற்று. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, தோட்டத்தில் புதைந்தவனுக்கு அங்கே சொந்தமாக இருந்தது அந்தப் புதைகுழி மட்டும்தான். அதன்மேலும் தேயிலை நட்டுவிடுவார்கள்.

கொஞ்சம் இடம் தாருங்கள், நானே ஒரு கூரை போட்டுக்கொள்கிறேன் என்று ஒருவன் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எல்கடுவ பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில், 2023 ஆகஸ்டில், தோட்ட மக்கள் போட்டிருந்த தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட உதவி முகாமையாளரே முன்னின்று அடித்து நொறுக்கினார். காணொளி நாடெங்கும் ஓடியது. ஓலமிட்டவர்களின் குரல் அதில் தெளிவாகக் கேட்கும். சுற்றுலா விளம்பரப் படங்களுக்கு இத்தனை நேர்த்தியான ஒலிப்பதிவு அமைவதில்லை. அமைச்சர் வந்தார். நாடாளுமன்றத்தில் பேசினார்கள். எல்லோரும் அதிர்ச்சி அடைந்தார்கள். நம் நாட்டில் அதிர்ச்சி அடைவதற்கு வரி கிடையாது.

மாதத்தைக் கவனியுங்கள். அதே ஆகஸ்டின் 12-ஆம் திகதிதான், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையில் வந்து முடிந்தது. ஜூலை 28-இல் தொடங்கி, 250 கிலோமீற்றருக்கு மேல், முன்னோர் நடந்த திசையில், வெயிலில் நடந்தார்கள். காணி கேட்டார்கள், வீடு கேட்டார்கள், மரியாதை கேட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள், அதே மாவட்டத்தில், நாடு பதில் சொல்லிவிட்டது. இத்தனை விரைவாக ஓர் அரச நிறுவனத்திடமிருந்து பதில் வந்ததாக எனக்கு வேறு நினைவில்லை.

ஆம், அரச நிறுவனம். தொண்ணூறுகளில் தோட்டங்களைத் தனியாருக்கு 53 வருடக் குத்தகைக்கு விட்ட பிறகு, கொம்பனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று மேடையில் முழங்குவது நம் அரசியல்வாதிகளுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் எல்கடுவ பிளான்டேஷன்ஸ் அரசின் கையில் இருப்பது. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ என இந்த மூன்று அரச நிறுவனங்களும் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உரிய காலத்தில் கட்டாமல் நிலுவையில் போட்டு வைத்ததற்குப் பேர்போனவை. நாற்பது வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, பேர் வெட்டிக்கொண்டு ஓய்வுபெற்ற ஒரு கிழவி, தன் சொந்தக் காசுக்காகக் காரியாலயப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காசைக் கேட்டால் நட்டம் என்கிறவர்களுக்குச் சாத்தியக்கூற்று ஆய்வுக்கு மட்டும் எப்படியோ நிதி கிடைத்துவிடும்.

நடை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மலைநாட்டில் 'பீக்கோ பாதை' என்று ஒரு நெடுவழி திறந்திருக்கிறார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காசும் அமெரிக்க உதவியும் சேர்ந்திருக்கின்றன. பழைய கொழுந்துப் பாதைகளைத் துப்புரவாக்கி, அம்புக்குறி நட்டு, வரைபடம் போட்டு, நடப்பவரின் கைத்தொலைபேசியில் ஏற்றித் தந்திருக்கிறார்கள். அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாதைகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் 250 கிலோமீற்றர் நடந்தபோது மட்டும் அவர்கள் கேட்ட இடத்துக்கு அம்புக்குறி நட யாருக்கும் கம்பு கிடைக்கவில்லை.

கலாசாரப் பகுதியை விட்டுவிட்டால் அறிக்கை முழுமை பெறாது. மாசி மாதத்தில் நட்டு, இரவிரவாக ஆடி, காமனை எரித்து முடிக்கும் காமன்கூத்து ஒன்று போதும். ஆனால் விருந்தினர் இரவிரவாக விழித்திருக்க மாட்டார். ஆகவே இருபது நிமிடம், நீச்சல்குளத்தின் ஓரமாக, மாதம் எதுவானாலும் சரி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும் நேரத்தில் ஹோட்டலின் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடாமல் முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டும். ரதியின் ஒப்பாரி கொஞ்சம் நீளம், வெட்டிவிடலாம். தப்பின் சத்தம் கூட, மெல்ல அடிக்கச் சொல்லலாம். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். அதைப் பீங்கான் தட்டில் வைத்தால் டொலர். பிறகு தேத்தண்ணி. விருந்தினருக்கு நல்ல இலை, ஆடிக் காட்டியவனுக்கு இஸ்டோரில் மிஞ்சும் தூள். பறிப்பவள் தான் பறித்ததைக் குடித்துப் பழகிவிட்டால் ஏற்றுமதி என்னாவது?

இப்படியெல்லாம் நடக்காது, நீ கற்பனை செய்கிறாய் என்பவர்கள் கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து தம்பானைக்குப் போய்ப் பார்க்கலாம். இந்தத் தீவின் ஆதிவாசிகள், வன்னியலெத்தோ மக்கள், காலங்காலமாக வேட்டையாடித் தேனெடுத்த காடு 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. அன்றிலிருந்து அவர்கள் காட்டுக்குள் வில்லோடு போனால் குற்றம். காட்டுக்கு வெளியே அதே வில்லோடு நின்று, சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்களுக்கு எய்து காட்டினால் பண்பாடு. தோளில் கோடரியைத் தொங்கவிட்டபடி படத்துக்கு நிற்கலாம். அந்தக் கோடரியால் ஒரு மரத்தைத் தொட்டால் நீதிமன்றம். காட்டைப் பறித்துவிட்டு, காட்டு மனிதனை மட்டும் மிச்சம் வைத்திருக்கும் இந்த மேதைமைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் பட்டம் தரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். எல்கடுவைக்கு முன்மாதிரி தேடுபவர்களுக்குத் தம்பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மக்களைக் கலந்தாலோசித்தோம் என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் வேண்டும், காசு கொடுக்கிறவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நாற்காலி போடுவார்கள். தோட்ட முகாமையாளரான துரை முன்வரிசையில் இருப்பார். துரை முன்வரிசையில் இருக்கும்போது மக்கள் மனந்திறந்து பேச வேண்டும் என்பது விதி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு குளிர்பானம். ஒரு கிழவி எழுந்து, "ஐயா, வர்றவுங்களுக்குக் கக்கூசு கட்டுவீங்கள்ல, அதுல எங்களையும் போக விடுவீங்களா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். 'சுகாதார உட்கட்டமைப்பு குறித்துப் பெண்கள் மிகுந்த ஆர்வம் வெளியிட்டனர்' என்று அறிக்கையில் ஏறும். ஓர் இளைஞன், "அந்தப் பங்களாவ எங்க சங்கத்துக்குக் குத்தகைக்குக் குடுங்களேன், நாங்களே நடத்துறோம்" என்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அது அறிக்கையில் ஏறாது. அவன் பெயரைச் சின்னத்துரை குறித்துக்கொள்வார்.

அபாய மதிப்பீடு என்றால் விருந்தினருக்கு வரக்கூடிய அபாயம் என்று பொருள். அட்டைக்கடி, குளவிக் கொட்டு, வழுக்கும் பாறை. மலை சரிவதும் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காரியாலயத்தில் பத்திரமாக இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மலைநாட்டைப் பிளந்தபோது நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை எல்லாம் மண்ணுக்குள் தோண்டிக்கொண்டிருந்தன. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டக் காணி எங்கே என்று அப்போதும் கேட்டார்கள். ஏழு பேர்ச்சஸ் என்று ஓர் ஆட்சியும் பத்து பேர்ச்சஸ் என்று இன்னோர் ஆட்சியும் அளந்த கதைதான். ஒரு விடுதி கட்ட முதலீட்டாளர் வந்தால் மட்டும் மலை திடீரென்று அகன்று ஏக்கர் கணக்கில் இடம் விடுகிறது. இது நில இயலில் ஆராயப்பட வேண்டிய அதிசயம்.

கடைசியாக வருமானம். இலங்கைக்கு 2018-இல் 23 லட்சம் பேர் வந்தார்கள், 2024-இல் 20 லட்சம். கூட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபாய் சேர்க்கும் என்றது. எல்லாம் சேர்த்தாலும் நாளுக்கு ஆறு டொலர் தேறாது; கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அவள் பறிக்கும் மலையைச் சன்னலில் பார்த்தபடி தூங்குவதற்கு ஒருவர் ஓர் இரவுக்குக் கொடுப்பதை அவள் சம்பாதிக்க எத்தனை மாதம் கூடை சுமக்க வேண்டும் என்று கணக்கு போட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். யாரும் பின்னிணைப்பைப் படிப்பதில்லை. வேலைவாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. தோட்டக்காரன், பாத்திரம் கழுவுபவள், பெட்டி தூக்குபவன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பங்களாவில் என்னென்ன வேலை கிடைத்ததோ அதே வேலை, இப்போது சீருடையில் பெயர்ப்பட்டி குத்தியிருக்கும்.

சுற்றுலாவுக்கு நான் எதிரி இல்லை. எல்கடுவைப் பையன்கள் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்குவதையும், பெண்கள் வளைகுடாவில் யார் வீட்டையோ துடைப்பதையும்விட, அவர்கள் ஹுன்னஸ்கிரிய முகட்டுக்கு ஆட்களை வழிகாட்டி ஏற்றிச் சம்பாதிப்பது எவ்வளவோ மேல். அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் அவர்களுக்குத் தெரியும். எந்தக் கல் வழுக்கும், எந்தப் புதரில் குளவி கூடு கட்டியிருக்கும் என்பதை எந்த ஆய்வாளரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பத்துக்குக் காணியை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டு விடுதி நடத்துவதா, போஞ்சி போடுவதா, மாடு வளர்ப்பதா, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் நிம்மதியாக இருப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இந்த நான்காவது வழியும் உண்டு என்று ஒப்புக்கொள்ளாத சாத்தியக்கூற்று ஆய்வு எதற்கு? அடுப்பில் வைக்கும் கோழியிடம் மஞ்சளா மிளகா என்று கேட்பதற்குப் பெயர் கலந்தாலோசனை இல்லை.

ஆக, சாத்தியம் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பிரதி அமைச்சுக்கு, ஒன்று சுற்றுலா அதிகாரசபைக்கு, ஒன்று காசு கொடுக்கும் தூதரகத்துக்கு. மக்களுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து லயத்து இலக்கம் எல்லாம் எழுதி மினக்கெட வேண்டாம், இங்கே எந்தக் காம்பிராவுக்கும் தனி முகவரி கிடையாது. துரைக்கே போடுங்கள். கடிதம் எப்படியும் காரியாலயத்துக்குத்தான் வரும். அவருக்கு நேரம் கிடைக்கும் அன்றைக்குப் பெரட்டில் கொடுப்பார்.